ஒன்லி ஃபுட்பால்

டிப்போ லைனில் பந்து ஆடியவன் எவன் செத்தாலும் நேராகச் சுடுகாட்டுக்குப் போக மாட்டான். மைதானத்துக்குப் போய்விட்டுத்தான் போவான். பெங்களூரில் அல்சூர் ஏரியைத் தாண்டி இருக்கும் அந்தப் பேட்டையில் இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, யாருக்கும் தெரியாது. செத்தவனை மைதானத்துக்குள் தூக்கி வந்து, அவன் எந்த இடத்தில் ஆடினானோ அந்த இடத்தில் இறக்கி வைப்பார்கள். லெஃப்ட் பேக் என்றால் இடது ஓரம். ஃபார்வர்ட் என்றால் பெனால்டி பாக்ஸ். இந்துவுக்கும் பௌத்தருக்கும் பாடை, கிறிஸ்தவருக்குப் பெட்டி. மைதானம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். மேளம் நிற்கும். கிளப் செக்ரெட்டரி நீளமாக ஒரு விசில் அடிப்பார். அதோடு ஆட்டம் முடிந்தது. பெண்கள் அதுவரைக்கும் கூட வந்து, விசில் கேட்டதும் வீட்டுக்குத் திரும்புவார்கள். ஆண்கள் கல்பள்ளி மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இதில் சிரிப்புக்கும் குறைச்சல் இல்லை. டிரேவர் என்று ஒருவர் இருந்தார், ஆயுசு முழுக்க சப்ஸ்டிடியூட்டாக பெஞ்சைத் தேய்த்தவர். அவர் பெட்டியை முறைப்படி கோட்டுக்கு வெளியே வைத்தார்கள். "இப்பக்கூட அவர உள்ள உட மாட்டீங்களா?" என்று அவர் பெண்சாதி கேட்டுவிட்டாள். அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது. பழைய ஸ்டாப்பர் பேக் ஃபிராங்க்ளின் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கோட்டுக்குள் போய் நின்றார். பிறகு, தான் வெளியே வருவது மாதிரி வந்து, டிரேவரை உள்ளே அனுப்பினார். அன்றைக்கு விசில் அடிக்க நாகேஷுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விசில் அடிக்கும் செக்ரெட்டரி அந்த நாகேஷ்தான். ஒரு காலத்தில் சென்டர் ஹாஃப். ஒரு பெரிய கம்பெனி அணியில் ஆடி, அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேட்டையில் இங்கிலீஷில் பேசி ஆபீஸ்களில் காரியம் சாதிக்கிற ஆள் என்று அவருக்குத்தான் பெயர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி கோல்கீப்பர் அப்பாதுரை. அப்பாதுரைக்கு இங்கிலீஷ் வராது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது, "நம்ம நாகேஷு கீறான்" என்பார்.

மைதானம் அப்போது வெறும் மண்தரை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கல். முட்டி சிராய்க்காத ஒரு பிள்ளை பேட்டையில் கிடையாது. உலகக் கால்பந்தை நடத்துகிற தலைமை அமைப்பு, வசதியில்லாத ஊர்களில் செயற்கைப் புல் மைதானம் போட்டுத் தருகிறது என்று தெரிந்ததும் நாகேஷ் விடவில்லை. ஸ்விட்சர்லாந்தில் தலைமை, அதற்குக் கீழே ஆசியக் கூட்டமைப்பு, அதற்குக் கீழே தேசியச் சங்கம், பிறகு மாநிலம், மாவட்டம், எல்லாவற்றுக்கும் அடியில் டிப்போ லைன். மேலே ஒருத்தர் தும்மினால் கீழே சர்க்குலர் வரும், கீழே ஒருத்தன் காலை உடைத்துக்கொண்டால் மேலே தெரியாது என்று நாகேஷே கிண்டல் செய்வார். ஆனாலும் படிப்படியாக ஏறி இறங்கினார். கூடவே அப்பாதுரையும் போனார், ஆபீஸ் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பது மாதிரி.

கடைசியில் மைதானத்தைப் பார்க்க ஓர் அம்மாள் வந்தார். மௌரீன் என்று பெயர், கென்யாக்காரர், அந்தத் திட்டத்தின் அதிகாரி. மாநிலச் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் கோட்டு போட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள். மௌரீன் மண்ணை ஷூவால் தட்டிப் பார்த்தார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார். பிறகு, இந்த இடத்தை ஜனங்கள் பந்து ஆடுவதைத் தவிர வேறு எதற்காவது பயன்படுத்துகிறார்களா, உங்கள் வழக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நிதானமாக, நாகேஷின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

இங்கிலீஷ் புரியாவிட்டாலும் அப்பாதுரைக்கு ஏதோ பொறி தட்டியது. நாகேஷின் முழங்கையை இடித்தார். "டேய், நம்ம விசயத்த சொல்லு. பொணம் கொணாந்து வெக்கறத."

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சாவு விழுந்திருந்தது. மேளம், சாமந்திப் பூ, குடித்துவிட்டு ஆடிய பையன்கள், எல்லாம் நாகேஷின் கண்ணுக்குள் வந்து நின்றது. கம்பெனி அணியில் சேர்ந்த புதிதில், உங்க பேட்டையில பொணத்த வெச்சிக்கினுதான் மேட்ச் ஆடுவீங்களாமே என்று கூட ஆடினவன்கள் கேட்டுச் சிரித்ததும் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. கோட்டு போட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"நோ மேடம். ஒன்லி ஃபுட்பால்" என்றார்.

மௌரீன் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். அப்பாதுரை விடவில்லை. "சொல்ட்டியா?"

"சொல்ட்டேன், வா."

"இன்னா சொன்னா அந்தம்மா?"

"சரின்னா."

அப்பாதுரை தொப்பியைக் கழற்றி, தள்ளிப் போய்க்கொண்டிருந்த மௌரீனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. நாகேஷ் பார்த்தார். பிறகு சரி செய்துகொள்ளலாம், ஒப்பந்தம் எழுதும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டார். எழுதும்போது சேர்க்கவில்லை. ஒரு தடவை இல்லை என்று சொன்னதை மறுபடி உண்டு என்று எந்த வாயால் சொல்வது?

புல் வந்தது. பச்சைப் பசேலென்று, சினிமா செட் மாதிரி. சுற்றிலும் வலைக்கம்பி, பெரிய கேட், பூட்டு. பிள்ளைகள் முட்டி சிராய்க்காமல் ஆடினார்கள். பெண் பிள்ளைகளுக்கு என்று ஓர் அணி வந்தது, மாநில லீகில் அவர்களுக்கு அங்கேயே மேட்ச் கிடைத்தது. கேட்டில் ஒரு போர்டும் வந்தது, கன்னடத்திலும் இங்கிலீஷிலும். சாப்பாடு கூடாது, வண்டி கூடாது, பூ, பட்டாசு, மேளம் கூடாது, பந்தாட்டம் தவிர வேறு கூட்டம் கூடாது. அந்த வாசகங்களை எழுதிக் கொடுத்தது நாகேஷ். நல்லது நடந்தது, அதில் பொய்யில்லை. நல்லது நடக்க நடக்க அந்த ஒரு விஷயத்தைச் சொல்வது அவருக்கு இன்னும் கஷ்டமாகிப் போனது. நல்ல வேளையாகப் பேட்டையில் அதற்குப் பிறகு பந்து ஆடினவர் எவரும் சாகவில்லை.

அப்பாதுரைதான் முதலில் செத்தார். காலையில் டீ குடித்துவிட்டு, நெஞ்சைப் பிசைகிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நாகேஷ் ஓடினார். கூட்டாளியின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் மாட்டியிருந்த அந்தச் சின்ன ஹாலில், அப்பாதுரையின் மனைவி சரளா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அண்ணா, நாலு மணிக்குத் தூக்கிருவாங்க. கோல் போஸ்ட்டுக்கு நடுவுல வெக்கணும். கேட்ட தொறந்து வைங்க."

நாகேஷ் அப்பாதுரையின் காலிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்கதான் அந்தம்மா கிட்ட அப்பவே சொல்லி வெச்சிட்டீங்களே" என்றாள் சரளா.

அவர் எழுந்து மைதானத்துக்கு வந்தார். சாவி பாக்கெட்டில் இருந்தது. அடுத்த வாரம் புல்லின் தரத்தைச் சோதிக்க மௌரீனே வருகிறார். சான்றிதழைப் புதுப்பித்தால்தான் பெண் பிள்ளைகளின் மேட்ச் தொடர்ந்து இங்கே நடக்கும். மேளமும் பூவுமாக ஒரு கூட்டம் உள்ளே போனதை எவனாவது போனில் படம் பிடித்து அனுப்பினால்? மாநிலச் சங்கத்தில் இந்த மைதானத்தின் மேல் கண் வைத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். மௌரீனின் நம்பர் அவர் போனில் இருந்தது. எடுத்தார். என்னவென்று ஆரம்பிப்பது? அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன் என்றா? போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பயத்துக்குப் பெண் பிள்ளைகளின் மேட்ச் என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருந்தது.

மேளத்தோடு பாடை வந்தபோது கேட் பூட்டியிருந்தது. நாகேஷ் கம்பிக்கு உள்ளே நின்றார். முன்பக்கம் தோள் கொடுத்திருந்த ஃபிராங்க்ளின் அவரைப் பார்த்தார்.

"சாவி எங்கடா?"

"ஃபிராங்க்ளின், ரூல்ஸ் ஒத்துக்காது. அடுத்த வாரம் டெஸ்ட்டு. புள்ளைங்க மேட்ச் போய்டும்."

"நீதான் சொல்லி வெச்சியே."

நாகேஷ் தலையைக் குனிந்துகொண்டார். ஃபிராங்க்ளினுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவர் கையை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. மேளக்காரனைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். பின்னால் நின்ற பையன்கள் கேட்டை உலுக்க ஆரம்பித்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரளா முன்னால் வந்தாள். பூட்டைப் பார்த்தாள். நாகேஷைப் பார்த்தாள்.

"உடுங்கடா கேட்ட" என்று பையன்களிடம் சொன்னாள். "இங்கியே எறக்குங்க. கோல் தெரியற மாதிரி வைங்க."

ரோட்டில் இறக்கினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம், கோல் வலைக்கு நேர் பின்னால், தார் ரோட்டில் அப்பாதுரை கிடந்தார். கையில் பழைய கிளவுஸ் போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு பி.எம்.டி.சி. பஸ் போக இடமில்லாமல் ஹாரன் அடித்தது. எல்லோரும் நாகேஷைப் பார்த்தார்கள். அவர் உள்ளே நின்றபடியே விசிலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை ஏதோ கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அதையும் பஸ் ஹாரன் விழுங்கிவிட்டது. பெண்கள் விசில் அடித்தாகிவிட்டதா என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் மௌரீன் வந்தார். சரிவுப் பலகையிலிருந்து பந்தை உருட்டிவிட்டு அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்தார்கள், உயரத்திலிருந்து போட்டு எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கோலுக்குப் பின்னால் போனபோது கம்பியில் ஒரு சாமந்தி மாலை காய்ந்து தொங்குவதை மௌரீன் கவனித்தார். அது என்ன என்று கேட்டார்.

நாகேஷ் சொல்லிவிட்டார். வழக்கத்தை, அப்பாதுரையை, அன்றைக்குச் சொன்ன பொய்யை, ரோட்டில் இறக்கி வைத்ததை, எல்லாவற்றையும். எப்படியும் போகட்டும் என்றுதான் சொன்னார்.

மௌரீன் அந்த மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு நான் கேட்டது இதற்காகத்தானே என்றார். அவர் பார்த்துக்கொள்கிற இன்னொரு மைதானம் கடற்கரையில் இருக்கிறதாம். அங்கே மீனவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை படகுகளை மைதானத்துக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டு போவார்களாம். தரையில் விரிக்கப் பலகை கொடுத்து, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்களாம், அவ்வளவுதான். உங்களுக்கும் ஒரு வரி போதும், சாவு நடந்த அன்று மதியம் நீங்கள் போன் செய்திருந்தால்கூட நான் சரி என்றிருப்பேன் என்றார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நாகேஷ் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த அம்மாள் பேனாவை எடுத்து, இப்போது சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பாதுரை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் நாகேஷ் சொல்லிவிட்டு வந்தார்.

சரளா வீட்டில் தனியாக இருந்தாள். வாங்கண்ணா என்றாள், டீ போட்டுக் கொடுத்தாள். நாகேஷ் டம்ளரைத் தொடாமல், மௌரீன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அன்றைக்கு அப்பாதுரையிடம் சொல்ட்டேன் என்றது பொய் என்பதையும் சொன்னார்.

சரளா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஊட்டுக்கு வந்து எப்டி குதிச்சாரு தெரியுமாண்ணா? நாகேஷு இங்கிலீஷ்ல சொல்ட்டான்டீ, நம்ம வழக்கம் ஃபாரின் வரிக்கும் போய்டுச்சுன்னாரு. பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு."

நாகேஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்களப் பத்திச் சொல்ல வெக்கமா இருந்துதாண்ணா?"

"ஆமாம்மா" என்றார் கைகளுக்குள்ளிருந்து. "என்னப் பத்தியும்தான்."

சரளா எழுந்தாள். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கி, மறுபடியும் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த வரிய எழுதச் சொல்லுங்கண்ணா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவருக்குத்தான் ஆவல. நாளைக்கு உங்களுக்காவது ஆவட்டும். சென்டர் சர்க்கிள்லியே வெப்பாங்க. விசில் அடிக்கத்தான் வேற ஆளப் பாக்கணும்."