அழித்தது யார்

மூன்று மணிக்கு விசாரணை. அந்த எச்சரிக்கையைத் தான் அழிக்கவில்லை என்று அதற்குள் நிரூபிக்காவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும்.

லிஃப்ட் கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும் நிரலை எழுதியவள் அவள். கடைசி வரிக்குக் கீழே, 'நான்கு நொடிக்குக் குறைக்காதீர்கள், ஆள் மாட்டிக்கொள்வார்' என்று ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் போட்டிருந்தாள். போன மாதம் அந்தக் குறிப்பு காணாமல் போனது. விவரம் தெரியாத ஒருவர் நான்கை இரண்டாக்கினார். ஒரு பெரியவரின் விரல்கள் நசுங்கின. குறிப்பை அழித்தது யார் என்று பதிவைத் திறந்தால், அவள் பெயரே பல்லை இளித்தது.

அவளுக்குக் கொழுந்தன் மேல்தான் சந்தேகம். அதே அலுவலகம், அடுத்த மேசை. பழைய நிரலைப் படித்துப் புது முறையில் திருப்பி எழுதும் டூல் அவனுடையது. நிரல் யாருடையதோ அவர் பெயரிலேயே மாற்றம் பதிவாகும்படி வேறு செய்திருந்தான். மரியாதையாம்!

"தம்பி, உன் டூல்தான் முழுங்கியிருக்கு."

"சத்தியமா இல்ல அண்ணி. ஒரு கமாகூட நகராது. நீங்களே ஞாபகமில்லாம அழிச்சிருப்பீங்க."

வீட்டில் ரிமோட்டை உடைத்துவிட்டுப் பூனையைக் கைகாட்டுகிற ஆள்தானே.

பழைய நகலை எடுத்து டூலில் விட்டுப் பார்த்தாள். இடைவெளிகள் அச்சு அசலாக வந்தன. நடுவில் இருந்த குறிப்புகளும் வந்தன. கடைசி வரிக்குக் கீழே இருந்தது மட்டும் வரவில்லை. அடுத்து ஒரு வரி இருந்தால்தான் டூல் குறிப்பை அதோடு ஒட்டும், இல்லையென்றால் கைவிட்டுவிடும்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, எனக்கே இப்பதான் தெரியுது அண்ணி. அண்ணன் மேல சத்தியம்."

கண்கூடக் கலங்கியிருந்தது. பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று அவள் மனம் இளகியது. ஆனாலும் உறுத்தல் போகவில்லை. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் டூலின் நிரலையே திறந்தாள்.

குறிப்புகளை ஒட்டும் பகுதி. அதன் கடைசி வரிக்குக் கீழே அவனே எழுதியிருந்தான்: 'இந்த இடத்துக் குறிப்பு விழுந்துவிடுகிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்புறம் பார்க்கலாம்.' இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

அடுத்தவர் நிரலையெல்லாம் டூலில் விட்டவன், தன்னுடையதை மட்டும் விடவில்லை; அதனால்தான் இந்தக் குறிப்பு தப்பியிருந்தது.

அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு விசாரணை அறைக்கு நடந்தாள். அண்ணன் மேல் செய்த சத்தியத்தை அண்ணனிடம் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.