அளவுக்கு நின்றவள்

என் கணவருக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியாது. சரக்கு ரயில் பெட்டிகளைப் பார்க்கத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு மேலே இருக்கிற பட்டை ஸ்பிரிங்கைத் தேடுவார். அது வளைந்து நின்றால் காலிப் பெட்டி, தட்டையாகப் படுத்திருந்தால் பாரம் ஏறிய பெட்டி. தார்ப்பாய் எப்படி உப்பியிருக்கிறது என்று பார்த்தே உள்ளே பஞ்சா தானியமா என்று சொல்லிவிடுவார். அதே மனிதர், நான் காய்ச்சலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் 'டீ ஆச்சா' என்றுதான் கேட்பார். எனக்கு ஸ்பிரிங் வைக்காமல் விட்டது கடவுளின் தப்பு.

குடிநீர் வாரியத்தில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் சரக்கு ரயில் ஆய்வுச் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். நகரத்தின் பழைய நிலக்கரி யார்டிலிருந்து அந்தக் காலத்தில் எவ்வளவு கரி வெளியே போனது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. யார்டின் பதிவேடுகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது படங்கள்தான். ரயில்வேயில் படம் பிடிக்கிற வேலை பார்த்த ஒருவர் இறந்து, அவருடைய மகன் வீட்டைக் காலி செய்தபோது, ஒரு பெட்டி நிறையப் படங்கள் இவர் கைக்கு வந்தன. அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜை அவருடையது. நானும் அவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

அந்த யார்டில்தான் என் அம்மா வேலை பார்த்தாள். கூடையில் கரி சுமந்து, பலகை மேல் ஏறி, பெட்டிக்குள் கொட்டுகிற வேலை. நல்ல உயரமாம். யார்டில் எல்லோரும் 'கொக்கு' என்று கூப்பிடுவார்களாம். தெருவில் அக்காவையும் என்னையும் 'கொக்குக் குஞ்சுங்க' என்று கேலி செய்வார்கள். நான் சரியாகப் பேச ஆரம்பிப்பதற்குள் அம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காதான் என்னை வளர்த்தாள். அம்மாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. படம் எடுத்துக்கொள்கிற ஆட்களா நாங்கள்?

எனக்கு அம்மாவின் முகம் தெரியாது. அக்காவுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தேன். போன வருடம் அக்கா ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இப்பல்லாம் அம்மா மொகத்த நெனச்சா உன் மொகம்தான்டி வருது. அவ எப்படி இருந்தான்னு மறந்துபோச்சு போல."

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் இடையில் அம்மா என்று இருந்ததே அக்காவின் ஞாபகம்தான். அதுவும் கரைகிறது என்றால் என்ன செய்வது?

இது நடந்து சில மாதங்கள் கழித்து ஒரு மாலை, மருந்துக்கடை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன். கணவர் மேஜையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

"உங்கம்மா என்ன ஒசரம் இருப்பாங்க?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் அம்மாவைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. இந்த மனிதருக்குள்ளும் ஒரு மனது இருக்கிறது, நாம்தான் அவசரப்பட்டுத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று உருகிப்போனேன். அன்றைக்குக் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவளும் உருகினாள். "தம்பி கேட்டாரா? அவரா கேட்டாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். உயரம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் இருந்த பழைய வரிசை வீட்டில், நிமிர்ந்து நடந்தால் வாசல் நிலை அம்மாவின் நெற்றியில் இடிக்கும் என்பது ஞாபகம் இருந்தது. மறுநாளே முழங்கால் வலியோடு பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். இப்போது இருப்பவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஸ்டூல் மேல் ஏறி, வாசல் நிலையை டேப்பால் அளந்திருக்கிறாள். நெற்றிக்கு மேலே தலைமுடிக்கு எவ்வளவு கூட்டுவது என்று போனில் நாங்கள் இருவரும் வெகுநேரம் சண்டை போட்டோம். கடைசியில் ஐந்தடி ஒன்பது என்று முடிவு செய்தோம். கணவர் அதைக் குறித்துக்கொண்டார். "அரை அங்குலம் முன்னபின்ன இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கே உரிய அக்கறை இது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவருக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. வாடகைக்கு எடுத்த சின்னக் கூடம், கிறீச்சிடும் நாற்காலிகள். சங்கத்தில் எல்லோருமே ஓய்வு பெற்றவர்கள். பிரேக்கைத் தவிர வேறு எதையும் பேசாத ஒருவர் உண்டு, அவருக்குப் பெயரே 'பிரேக் மாமா'. என்னைப் போல இழுத்துவரப்பட்ட மனைவிகள் கடைசி வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம்.

கணவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். பக்கவாட்டில் தெரியும் ஒரு கரிப்பெட்டி. யார்டின் பட்டறையிலேயே செய்த பெட்டி, வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை, அதனால் எவ்வளவு கரி பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றார். பொதுவாகத் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலத்தை அளவுகோலாக வைத்து மற்றதைக் கணக்கிடலாம். இது பக்கவாட்டுப் படம், அந்த அகலம் தெரியாது, தண்டவாளமும் கரியில் புதைந்து கிடக்கிறது. "ஆனா பெட்டியை ஒட்டி ஒரு கூலிக்காரம்மா நின்னாங்க" என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டார். அது அவர் வரைந்தது. அதே பெட்டி, அதன் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, இரண்டு நுனியிலும் அம்புக்குறி. அந்தக் கோட்டை வைத்துப் பெட்டியின் உயரம், அதிலிருந்து கொள்ளளவு, அதிலிருந்து யார்டின் மொத்தச் சரக்கு என்று வரிசையாகக் கணக்கு வந்தது. இதுவரை எல்லோரும் நம்பிய அளவைவிடக் கால்வாசி அதிகம்.

பிரேக் மாமா கை தூக்கினார். "எவளோ ஒரு பொம்பள. அவ ஒசரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் என் கணவர் காத்திருந்தார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"படத்துக்குப் பின்னாடி பேர் எழுதியிருந்துச்சு. கொக்குன்னு. அவங்க என் மாமியார்."

கூடமே சிரித்தது. கைதட்டினார்கள். "மாமியார வச்சு வண்டிய அளந்த மொத ஆளு நீங்கதான்யா" என்று தலைவர் சொல்ல, இன்னொரு முறை சிரித்தார்கள்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாரே என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அம்மாவின் படம் இருக்கிறது. என் வீட்டில், நான் சாப்பிட முடியாத அந்த மேஜையில் இருக்கிறது. கையிலிருந்த பிஸ்கட் நொறுங்கி மடியில் விழுந்ததைப் பக்கத்தில் இருந்த அம்மாள் சொல்லித்தான் பார்த்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டேன். "அம்மா படம் எங்க வச்சிருக்கீங்க?"

"இருக்கு, இருக்கு. ஃபைல்ல பத்திரமா இருக்கு."

"ஏங்க இத்தன நாளா சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா நீயும் உங்கக்காவும் வந்து உக்காந்துக்கிட்டு அழுவீங்க. எனக்கு வேலை ஓடாது. கட்டுரை முடியட்டும்னு விட்டேன்."

அதற்கும் நான் சண்டை போடவில்லை. படம் இருக்கிறது என்கிற ஒரு சொல் மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டது. பஸ்ஸிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். "நான் காலைல வரேன், அதுக்குள்ள நீ பாத்துராத, சேந்து பாக்கலாம்" என்றாள். சரி என்றேன்.

அக்கா காலையில் முதல் ஆளாக வந்து நின்றாள். தலையைப் படிய வாரி, நல்ல உடை உடுத்தி, யாரையோ முதல் முறை பார்க்கப் போகிறவளைப் போல வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கணவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஃபைலிலிருந்து ஒரு அட்டையை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். அட்டையில் ஒட்டிய படம் அஞ்சலட்டை அளவு இருக்கும். கூட்டத்தில் காட்டிய அதே கரிப்பெட்டி. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பெட்டி மட்டும்தான்.

அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"தம்பி, அம்மா எங்க?"

"இங்க நின்னாங்க." கணவர் விரலை வைத்துக் காட்டினார். படத்துக்கு வெளியே, அட்டைக்கும் வெளியே, மேஜை மரத்தின் மேல்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. "வெட்டிட்டீங்களா?"

"எல்லாப் படமும் ஒரே அளவு அட்டைல வந்தாத்தான் அடுக்க முடியும். அளவெல்லாம் எடுத்து முடிச்ச பிறகுதான் வெட்டினேன்" என்றார். முடித்த பிறகு என்பதை அழுத்திச் சொன்னார்.

"வெட்டின துண்டு?"

"பழைய பேப்பரோட போயிருக்கும்."

"ஒரு காப்பிகூட எடுக்கலியா?"

"பெட்டிக்கு எடுத்திருக்கேன்."

"நெகட்டிவ்?"

"அதெல்லாம் இல்ல. படம் எடுத்தவரோட மகன் எப்பவோ கடாசிட்டானாம்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. இந்த உலகத்தில் அந்தப் படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்த ஒரே ஆள் இவர். ஒரு பெட்டியில் எத்தனை ஆணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

"சரி, விடுங்க. மொகம் எப்படி இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

கணவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, ஞாபகத்தில் தேடினார். பொய் சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சிரிச்ச முகம் என்றோ, உன்னை மாதிரியே என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் சாகும்வரை அதை வைத்துப் பிழைத்திருப்போம்.

"மொகம் பாக்கலியே" என்றார். "எனக்குக் கூடைக்குக் கீழ உச்சந்தலையும் குதிகாலும்தான் தேவைப்பட்டுச்சு. அது ரெண்டும் ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

அவரை வெறுக்கிறேன் என்று அந்த நிமிடம் தோன்றியது. பல நாள் எரிச்சல் பட்டிருக்கிறேன், அலுத்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். வெறுத்தது அன்றைக்குத்தான். அவருக்கு அது தெரியவில்லை. எங்களைச் சமாதானப்படுத்துகிற எண்ணத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா நின்றதால்தான் யார்டின் கணக்கே மாறியது, அடுத்த இதழில் கட்டுரை வருகிறது, நன்றி என்று கீழே எங்கள் இரண்டு பேரையும் போட்டிருக்கிறார், இப்படி.

அக்கா அவர் பேச்சைக் கேட்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியின் பலகை மேல் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இது என்ன தம்பி, கருப்பா?"

"அது நெழல்" என்றார் அவர். "அவங்க நெழல் பெட்டி மேல விழுந்திருக்கு. அதனாலதான் பெட்டி நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து படிக்க முடியாமப் போச்சு. பெரிய தொல்லை."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நீளமான நிழல். மேலே அகலமாக ஒரு கூடை, அதன் கீழே ஒரு தலை, ஒரு கழுத்து, ஒரு தோள். கூடையைப் பிடிக்கத் தூக்கிய ஒரு கை. அதற்குக் கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை.

"இப்படித்தான் பிடிப்பா" என்றாள் அக்கா. "ஒத்தக் கையால."

விரலை நீட்டி அந்த நிழலின் தலையைத் தொட்டாள்.

"அய்யோ, தொடாதீங்க அக்கா" என்றார் கணவர், கையுறை போட்ட கையை நீட்டி. "பழைய படம். ரேகை பட்டா அழிஞ்சிரும்."

அக்கா சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியாம தொட்டுட்டேன் தம்பி" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து மறுபடியும் படத்தின் மேல் வைத்தேன். ஐந்து விரலும் படும்படி வைத்து, அதன் மேல் என் கையையும் வைத்தேன்.

"நல்லா அழுத்துக்கா" என்றேன்.