கூப்பிடு தூரம்

கிரீன்லாந்தின் கானாக்கிலிருந்து கனடாவின் ஔசுயிட்டுக் என்ற ஊர் கூப்பிடு தூரம்தான். குறுக்கே ஒரு கடல், அவ்வளவே. நேரே பறந்தால் குட்டித் தூக்கம் ஒன்று போடுவதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் நேரே பறக்க விமானம் ஏது? சீட்டு வாங்கினால் கோபன்ஹேகன், டொராண்டோ என்று பாதி உலகம் அலைந்து, தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். எந்தப் புண்ணியவான் போட்ட வழியோ!

அதனால்தான் கானாக்குக்காரி எகிலானா, அக்கரையிலிருந்து வந்து தன்னைக் கட்டிக்கொண்ட ஈமூசியிடம், "இந்தா இருக்கிற ஊருதானே, பனிவண்டியில போய் உங்கம்மாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பினாள். கடல்மேல் உறைந்திருந்த வசந்தகாலப் பனிக்கட்டி உடைந்து அவன் வண்டியோடு கடலுக்குள் போனான். அவள் வயிற்றில் பிள்ளை. புருஷனை முழுங்கினவள் என்று ஊர் பட்டம் கட்டியது.

பிறந்த பையனுக்கு ஈமூசி என்றே பேர் வைத்தாள். பேர் வந்தால் ஆளும் திரும்பி வந்தாயிற்று என்பது இரண்டு கரைக்கும் பொதுவான வழக்கம். செத்தவனைப் பெற்றவள் அந்தக் குழந்தையை 'மகனே' என்றுதான் கூப்பிட வேண்டும். மாமியார் சீபூலா வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டால் பழி நீங்கிவிடும். மூன்று வருஷமாக எகிலானா அதற்காகவே காத்துக் கிடந்தாள்.

இந்தக் கோடையில் அக்கரைக்காரர்கள் சேர்ந்து வாடகை விமானம் பிடித்து நேரே வந்து இறங்கினார்கள். மூடுபனி இறங்குமுன் திரும்பியாக வேண்டும். சீபூலாவும் வந்திருந்தாள். விருந்தில் சீல் கறியை ரசித்துத் தின்றாள், கிழவர்களைக் கிண்டலடித்தாள், மருமகள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

ஓடுதளத்தில் விமானி கைகாட்டியதும் எகிலானாவுக்குப் பொறுக்கவில்லை. கரடித்தோல் கால்சட்டை போட்ட பையனை முன்னால் தள்ளினாள்.

"அத்தை, உங்க மகன் வந்திருக்கான். பாருங்க."

சீபூலா குனிந்து அவன் கன்னத்தைத் தடவினாள். எகிலானாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உன் பேரு என்னடா கண்ணு?"

"ஈமூசி."

"அட, எங்க வீட்டு நாய் பேரு!"

கூட்டம் சிரித்தது.

"என்ன அத்தை இப்படிப் பேசறீங்க?"

"உள்ளதைத்தான் சொல்றேன். சாவுச் சேதி வந்த அன்னிக்கே எங்க பெட்டை குட்டி போட்டுச்சு. எம்புள்ள பேரு உன் கையில சிக்கிடக் கூடாதுன்னு நான் முந்திக்கிட்டேன். அவன் வீடு வந்து சேர்ந்துட்டான்டி, என் வாசல்லதான் படுத்திருக்கான். இது யாரு பெத்ததோ, எனக்கென்ன தெரியும்?"

"ஒரே ஒரு தடவை, பொய்க்காவது கூப்பிடுங்க அத்தை."

"பொய் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

சீபூலா படியேறினாள். கதவு சாத்தப்பட்டது.

விமானம் தரையை விட்டு எழும்புவதற்குள் ஊர்ப் பிள்ளைகள் பையனைச் சூழ்ந்துகொண்டு குரைக்க ஆரம்பித்தார்கள். அவன் அதை விளையாட்டென்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகத் திருப்பிக் குரைத்தான்.