சாப்பிட்டதை மறப்பவர்

ஞாபக மறதிப் பரிசோதனைக்காக தொண்ணூற்றாறு வயதுப் பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போய், அவரிடம் மூன்று சொற்களைச் சொல்லிவைத்தேன்: குடை, கிணறு, கம்பளி.

“காலையில என்னய்யா சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் குடுக்கலம்மா.”

மகன் தலையில் அடித்துக்கொண்டார். “இப்பத்தான் சிஸ்டர், சுடச்சுட வயிறு முட்டத் தின்னாரு. ஊரெல்லாம் இப்படிச் சொல்லியே என் மானத்த வாங்குறாரு.”

அப்பாவை வைத்துக்கொண்டு இந்த மகன் என்ன பாடுபடுகிறாரோ என்று இரக்கப்பட்டு, அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் போட்டேன்.

“நான் முதல்ல சொன்ன மூணு வார்த்தை ஞாபகம் இருக்காய்யா?”

“குடை, கிணறு, கம்பளி.”

பேனா நின்றது. எழுந்துபோய் அடுப்பைத் தொட்டேன். ஜில்லென்று கிடந்தது. “அது வந்து சிஸ்டர்...” என்று மகன் பின்னாலேயே வந்தார்.

போன வருட அறிக்கையைப் புரட்டினேன். ‘சாப்பிட்டதை மறந்துவிடுகிறார்.’ கீழே என் கையெழுத்து.