மாமாவின் கிட்டாரில் என்ன பழுது

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் கடைப்படி ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிட்டாரில் ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு கையில் இருக்கும். அதை வாய்விட்டுச் சொன்னால் பிழைப்பு ஓடாது என்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு கம்பி மாற்றிக் கொடுத்து அனுப்புவேன். ஆனால் என் அக்கா புருஷன் அந்த ரகம் இல்லை. அவருக்குக் காது என்றால் காது. ஓட்டலில் வாசிக்கும் இசைக்குழுவில் மற்றவர்கள் மெஷினைப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் வெறுங்காதால் சேர்த்து முடித்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னைத் 'தகரக் காது' என்றுதான் கூப்பிடுவார். அக்கா கல்யாணத்தன்று வைத்த பெயர். இப்போது என் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

முதல் தடவை வந்தபோது, கிட்டார் மெலிசாகக் கேட்கிறது, போன மாதம் ஸ்விட்ச் மாற்றிய சாக்கில் நான் ஃபேஸை மாற்றி அடித்துவிட்டதாகச் சண்டை போட்டார். கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்துக் கொடுப்பதுதான் பிக்கப். அவர் கிட்டாரில் கழுத்துப் பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போடும்போது இரண்டும் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், அதுதான் ஃபேஸ். ஒன்று இழுக்கையில் மற்றது தள்ளினால் கனமெல்லாம் அடிபட்டுப் போய், மூக்கால் பாடுவதுபோல் கீச்சு மட்டும் மிஞ்சும். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வைத்துவிட்டுப் போகச் சொல்லி, திறந்து பார்த்தேன். ஒயரெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வாசித்துப் பார்த்தேன், தகரக் காதுக்கே கனமாகத்தான் கேட்டது.

மறுநாள் அக்கா தனியாக வந்தாள். கீழே சலவைக் கடையில் துணி கொடுக்க வந்தவள்போல ஒரு பையை வைத்திருந்தாள். மாமா டிவியை அலற விடுகிறார், ஒரு காதில் ஏதோ இரைகிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், என்ன ஏது என்று கேட்டால் எரிந்து விழுகிறார் என்றாள். காது டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாளாம். சீக்கிரம் காட்டினால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று அங்கே சொன்னார்களாம்.

"நைசாப் பேசி நான் கூட்டிட்டுப் போறேன்டா. அதுவரைக்கும் கிட்டார்லதான் கோளாறுன்னு சொல்லு. காதுன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வாடகை கேட்டு வருகிறவனிடம் பொய் சொல்வேன், பெண்டாட்டியிடம் தாராளமாகச் சொல்வேன், செய்யாத வேலையைச் செய்ததாக மட்டும் சொன்னதில்லை. ஆனாலும் அக்கா முகத்தைப் பார்த்துத் தலையாட்டித் தொலைத்தேன். ஒயரை மாற்றிவிட்டேன் என்றதும் மாமா முதுகில் ஒன்று போட்டு, தான் சொன்னது சரியா இல்லையா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் காது சில நாள் திறப்பதும் சில நாள் அடைப்பதுமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச காலம் கிட்டாரைப் பற்றிப் பேச்சில்லை. பிறகு மறுபடி வந்தார், மறுபடி அதே பொய்யைச் சொன்னேன். அதற்குள் ஓட்டலில் விஷயம் முற்றிவிட்டது. கனம் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபையரில் அடிக்குரலைக் கூட்டுகிற பேஸ் குமிழைக் கடைசி வரை திருகியிருக்கிறார். மேஜைகளில் கண்ணாடித் தம்ளர்கள் நடுங்கியிருக்கின்றன. பாடுகிற பெண் பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். இந்தச் சனிக்கிழமையும் இப்படியென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த நாற்காலியை விட்டால் மாமாவுக்குப் போக்கிடம் இல்லை. வேறு தொழிலும் தெரியாது.

மூன்றாம் தடவை வந்தவர் கிட்டாரை என்னிடம் கொடுக்கவில்லை. தன் கண் முன்னால் செய்யச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஊசி மீட்டரை எடுத்துக் கிட்டாரில் மாட்டினேன். ஸ்க்ரூடிரைவரை பிக்கப்பின் தலையில் ஒட்டவைத்து வெடுக்கென்று எடுத்தால் ஊசி ஒரு பக்கம் துள்ளும். கழுத்துப் பக்கத்துக்கு வலப்புறம் துள்ளியது. கீழ்ப்பக்கத்துக்கும் வலப்புறமே துள்ளியது. இரண்டும் ஒரே பக்கம். இந்தச் சோதனை அவருக்கும் தெரியும். தெரிந்தும், மீட்டர் ஓட்டை என்றார். பிறகு ஸ்விட்சைக் குறை சொன்னார். பிறகு என் கையைக் குறை சொன்னார். அவ்வளவுதான், எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆம்ப்ளிஃபையரில் செருகி, கழுத்துப் பக்க பிக்கப் மட்டும் பேசும்படி ஸ்விட்சைத் தள்ளி, வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தார்.

"இப்பவும் அதே எழவுதான். மெலிசாத்தான் வருது."

சொல்லி முடித்ததும் அவர் கை அப்படியே நின்றது. ஒற்றை பிக்கப்பில் ஃபேஸ் என்ற பேச்சே கிடையாது. அடித்துக்கொள்வதற்கு இன்னொன்று வேண்டும். அது அவருக்குத் தெரியாததில்லை.

கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. மாமா இரண்டும் பேசும்படி ஸ்விட்சை நடுவில் தள்ளி ஒரு தரம் மீட்டினார், கழுத்துப் பக்கம் தள்ளி ஒரு தரம் மீட்டினார். வாசிக்கச் சொன்ன என் வாயைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது எனக்கு.

கிட்டாரை மடியில் படுக்கவைத்துவிட்டு, அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியவே கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

"பேஸ் எங்க நிக்கணும்னு நீ கேட்டுச் சொல்லு, தகரக் காது. குறி போட்டுக் குடு. அத பாத்து வாசிச்சுக்கறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டலுக்குப் போனோம். கூடம் காலியாக இருந்தது, நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. அவர் மேடையில் வாசிக்க, நான் கடைசி மேஜையிலிருந்து கை காட்டினேன். கூட்டு, குறை, போதும். போதும் என்ற இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். ரோட்டைத் தாண்ட கை கேட்கிறவர் மாதிரி, சரியா மாப்ள, சரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். இத்தனை சந்தோஷமாக அவள் பேசிக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. நேற்று ஓட்டலுக்கு அவளும் போயிருந்தாளாம். பழைய மாதிரியே வாசித்தாராம், மேனேஜரே வந்து கை குலுக்கினாராம். தான்தான் அநியாயத்துக்கு அவர் காதைச் சந்தேகப்பட்டுவிட்டதாகவும், பாழாய்ப்போன ஒயர்தான் காரணம்போல என்றும் சொன்னாள். டாக்டர் பேச்சை எடுத்தால் வீட்டில் வீண் சண்டைதான், அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அந்த நேரத்தை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறாளாம்.

மாமாவுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் நின்றது. இனி அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்றும் தெரிந்தது.

"அக்கா, கிட்டார்ல ஒண்ணுமே இல்ல. மூணு தடவையும் ஒண்ணுமே இல்ல. நான் ஒரு ஒயரக்கூட தொடல."

அந்தப் பக்கம் அவளுக்குப் பின்னால் மாமா வாசிப்பது கேட்டது. ஓட்டல் ஆம்ப்ளிஃபையரில்தான் என் கோடு இருந்தது, வீட்டில் இருப்பதில் இல்லை. அடிக்குரல் குமுறிக்கொண்டு வந்தது. அக்காவின் சமையலறை அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிடுகிடுத்தன.

"கேக்குதா அக்கா?"

"கேக்குதுடா" என்றாள்.