ஒத்தைக் கண்ணும் ஒரு கண்ணீர் அஞ்சலியும்

மூட்டையைக் கவிழ்த்ததும் சின்ன வெங்காயம் சாக்கின்மேல் சரசரவென்று ஓடிப் பரவியது. சிவனம்மாள் கத்தியை எடுத்துக்கொண்டு வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்க உட்கார்ந்தாள். வலது கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதை அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை. திண்டுக்கல் வெங்காய மண்டியில் சிவக்காத கண் முதலாளியுடையது மட்டும்தான். காலையில் இமை இரண்டும் பசை போட்டதுபோல் ஒட்டிக் கிடந்ததை வெந்நீர் தொட்டுப் பிரித்தபோதுகூட, பாழாப்போன வெங்காயம் என்றுதான் வைதாள். சின்ன வயதில் அம்மை வந்து இடது கண் தயிர்போல் வெளுத்துப் போனதிலிருந்து வலது கண்தான் இரண்டு ஆள் வேலையை ஒண்டியாகப் பார்த்து வந்தது.

பக்கத்தில் இருந்த கௌசல்யா முகக்கவசத்துக்குமேல் முந்தானையையும் சேர்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். தெருவிலும் அவள்தான் பக்கத்து வீடு.

"ஏக்கா, அழுகல் மூட்டைய மடியில வச்சுக்கிட்டு மல்லியப்பூக் கட்டுற மாதிரி உக்காந்திருக்க? ஒனக்கு நாத்தமே தெரியலையா?"

சிவனம்மாள் அழுகின வெங்காயம் ஒன்றை நசுக்கி மூக்கருகில் கொண்டுபோனாள். கழுவிப் போட்ட கல்லை மோந்ததுபோல் இருந்தது.

"கண்ணு வேற செவந்திருக்கு. மெட்ராஸ் ஐ நோவா இருக்கும். என்னையப் பாக்காதக்கா, ஒட்டிக்கும்" என்று கௌசல்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் உடம்பும் சுட்டது. வெறும் காய்ச்சலென்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஒத்தைக் கண்ணாயிற்றே என்று கண்ணாஸ்பத்திரிக்குப் போனாள். வாசலிலேயே நெற்றிக்கு நேராகத் துப்பாக்கிபோல ஒன்றைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். வெங்காயம் மணக்கவில்லை என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் தனி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணைப் பார்க்கும் கருவிக்கும் டாக்டருக்கும் நடுவே எக்ஸ்ரே பிலிமை வெட்டி மறைப்புக் கட்டியிருந்தது. தாடையை வைத்ததும் வழக்கம்போல் தன் கதையைத் தொடங்கினாள். டாக்டர் பேச வேண்டாம் என்று கைகாட்டினார். மூச்சைக்கூட அளவாக விட்டாள். எழுந்து தள்ளி நின்ற பிறகுதான் அவர் பேசினார்.

"கொரோனா வந்தா சில பேருக்குக் கண்ணும் செவக்கும்மா. பெரும்பாலும் தானாச் சரியாயிரும். ஆனா உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. பார்வை கொறஞ்சாலோ, முகம் வீங்கினாலோ, கண்ணு வலிச்சாலோ ஒரு நிமிஷம் வீட்ல இருக்கக்கூடாது."

மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையும் கொரோனா என்றே சொன்னது. வீட்டுக்குள்ளேயே அடைந்தாள். கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணை எடுத்த கதைகளைத் தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியை அணைத்துவிட்டாள். கதை அணையவில்லை. சாவைக்கூட ஒரு மாதிரி நினைத்துப் பார்க்க முடிந்தது. இருட்டில் உயிரோடு உட்கார்ந்திருப்பதை நினைக்கத்தான் முடியவில்லை.

தினமும் காலையில் கண்ணாஸ்பத்திரியிலிருந்து ஐரின் சிஸ்டர் கூப்பிடுவாள். கூட்டம் சேர்க்கக்கூடாது என்பதால் பாதி வைத்தியம் போனில்தான் நடந்தது.

"சன்னல் வழியா என்னம்மா தெரியுது? எழுத்து ஏதாச்சும் இருக்கா?"

எதிரே சரக்கு வைக்கும் கிட்டங்கிச் சுவரில் மீசைக்காரர் படம் போட்ட சுவரொட்டி ஒன்று இருந்தது. சிவனம்மாள் எழுத்துக்கூட்டினாள். "கண்ணீர் அஞ்சலி. அமரர் மொக்கைச்சாமி."

"அடியில?"

"துயருறும் குடும்பத்தார். ஏந்தாயி, செத்தவரு பேரப் படிச்சுத்தேன் என் கண்ணு உசுரோட இருக்குன்னு கண்டுபிடிக்கணுமா?"

ஐரின் சிரித்தாள். "அவரு கோவிச்சுக்க மாட்டாரும்மா."

எழுத்து அவளுக்கு நரை தட்டின பிறகு வந்த சொத்து. அதற்கு முன்பு ஆனா, ஆவன்னா மட்டும் தெரியும். அந்தத் தெம்பில் முதலெழுத்தை மட்டும் பார்த்து, ஆத்தூருக்குப் போக வேண்டியவள் கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஊர்சனம் கொய்யாப்பழம் எங்கே என்று கேட்டுச் சிரித்தது. அந்த ரோஷத்தில் கற்றுக்கொண்டது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மொக்கைச்சாமியையே படித்தாள். ஒருநாள் ஐரின் சந்தேகத்தோடு கேட்டாள்.

"அம்மா, இவ்வளவு வேகமாச் சொல்றீங்களே. பாத்துப் படிக்கிறீங்களா, மனப்பாடமா?"

அது சிவனம்மாளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடினாலும் மொக்கைச்சாமி மீசையோடு அப்படியே நின்றார். நாளைக்கு வேறு எதையாவது படியுங்கள் என்றாள் ஐரின். இருக்கிற சன்னல் ஒன்று, எதிரே இருக்கிற சுவரும் ஒன்று.

சாயங்காலம் கௌசல்யா ரசத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

"பூண்டை அள்ளிப் போட்டுருக்கேன்! மணக்குதாக்கா?"

"ஒண்ணும் மணக்கலடி. ரசந்தானா, சுடுதண்ணியா?"

"வாய்க்கு ஒரு கொறச்சலும் இல்ல, பொழைச்சுக்கிருவ!"

அன்றிரவு கோடை மழை ஓட்டைப் பிய்ப்பதுபோல் அடித்தது. விடிந்ததும் சன்னலைத் திறந்தாள். சுவரில் மொக்கைச்சாமி இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாய் என்னவோ கலங்கித் தெரிந்தது. போயிருச்சு, கண்ணு போயிருச்சு என்று சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தபோது கை தானாக எடுத்தது.

"தாயி, எழுத்தக் காணோம்."

"பதறாதீங்கம்மா. வலிக்குதா? வீக்கம்?"

"இல்ல தாயி."

"சன்னல் கம்பி தெரியுதா?"

"தெரியுது."

"எந்திரிச்சு இன்னொருதரம் சுவரப் பாருங்க. மெதுவா."

எழுந்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றினாள். சுவருக்குக் கீழே, சாக்கடையோரம், ஊறிப்போன காகிதத்தில் மொக்கைச்சாமியின் மீசை மல்லாந்து கிடந்தது. மழை அவரை உரித்துப் போட்டிருந்தது. அவர் இருந்த இடத்தில், அவருக்கு அடியில் இத்தனை நாளும் மறைந்திருந்த வேறொரு சுவரொட்டி பாதி கிழிசலோடு ஈரமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் தாள். இதுவரை பார்த்திராத எழுத்து.

"அம்மா? இருக்கீங்களா?"

"செத்த இரு தாயி" என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சன்னலோடு ஒட்டினாள். "கா... த... ணி..."

"ம்ம்."

"வி... ழா. காதணி விழா!"

அதற்குக் கீழே பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை ஒன்று, காது குத்தப் போவது தெரியாமல், பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் பாதி இன்னும் சுவரில் மிஞ்சிய அஞ்சலித் தாளுக்கு அடியில் இருந்தது. காற்றில் அந்தத் தாளின் ஓரம் எழும்பி எழும்பி அமுங்கியது. அது அடுத்த தரம் எழும்பட்டும் என்று சிவனம்மாள் போனைக் காதில் வைத்தபடி கண் இமைக்காமல் நின்றாள்.