களைத்த மருந்து

எங்கள் ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவும் மருந்து களைத்துப்போனால், படத்தில் இருப்பவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். படம் எடுத்தபோது ஊரில் இல்லாதவர்கள்கூட அதற்குள் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

அற்புதமேரியம்மாள் அது தெரிந்துதான் வந்தார். தோணியில் கொழும்புக்குப் போன மகன் சிலுவையிடமிருந்து சேதியே இல்லை. தனக்கும் கணவர் சூசைக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலியைப் போடச் சொன்னார். "மருந்து பழசுதான தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்களையெல்லாம் கழுவி, அது கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது.

படம் எடுத்து, இருவரையும் இருட்டறைக்குள் கூட்டிப்போய், படத் தாளை மருந்துத் தட்டில் போட்டேன். முதலில் மீசை வந்தது.

"பாத்தியா மேரி, ஒனக்கு முந்தி நான் வந்துட்டேன்" என்றார் சூசை.

"மீசைதான வந்திருக்கு. ஆளு வரட்டும்."

ஆளும் வந்தார். அற்புதமேரியம்மாளும் வந்தார். நாற்காலி காலியாகவே இருந்தது. வழக்கப்படி புது மருந்து கொஞ்சம் சேர்க்கப் புட்டியைத் திறந்தேன்.

"ஊத்திராதிங்க தம்பி. சட்டுன்னு முடிஞ்சிரும். பொறவு அவன் எங்க வந்து உக்காருவான்?"

மூடிவைத்தேன். மருந்துக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. இருக்கிற தெம்பை அது நாற்காலிக்கே வைத்துக்கொள்ளட்டும். தினமும் காலைப் பூசை முடிந்து இருவரும் வந்து, சிவப்பு விளக்கின் கீழ் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தட்டை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

தவக்காலத்தில் படத்து நாற்காலிக்குக் கீழே செருப்பு வந்தது. ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. சூசை கடைத்தெருவுக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கிவந்தார். பிறகு முழங்கால், சட்டை, தாடி, கண். இடது காது மட்டும் பாக்கி. மருந்து கறுத்து, அதோடு நின்றுவிட்டது.

அன்று மதியம் சிலுவை ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றான். அதே ஊக்குச் செருப்பு. இடது காது இல்லை. ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்தேன்.

சூசை ஏச வேண்டியதையெல்லாம் அவன் வலது காதில் ஏசி முடித்து, புதுச் செருப்பை நீட்டினார். நால்வரும் இருட்டறைக்குள் போனோம்.

"இப்ப ஊத்துங்க தம்பி" என்று சொல்லி, அற்புதமேரியம்மாள் மகனின் இடப்பக்கம் போய் நின்றார். "மெதுவா. அந்தக் காதுல மொதல்ல என் பேச்சுதான் விழணும்."

ஊற்றினேன். மடல் வந்தது. அவர் எம்பிப் பேச ஆரம்பித்தார்.